வேகக் கேம்ஷாப்ட் பூட்டிய மொறிஸ் மைனர் இழுக்காவிட்டால்

வன்னியில் இன்னும் ஓடும் மொறிஸ் மைனர்களில் பல, பெற்றோல் தடைப்பட்டிருந்த போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை. அத்தகைய எஞ்சினுக்கு வேகக் கேம்ஷாப்ட் (வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து வேகத்தைக் கூட்டும் தண்டு) பூட்டிய பின் இழுவை குறைந்தால், பலர் உடனே எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைத் திருகத் தொடங்குகிறார்கள். அது கடைசியாகத் தொட வேண்டிய உறுப்பு.

முதலில் கேமின் நேரத்தை, அதாவது அது வால்வை எந்தக் கட்டத்தில் திறக்கிறது என்பதை, அளக்க வேண்டும். கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் இணைக்கும் செயின் சக்கரங்களின் புள்ளிகள் நேருக்கு நேர் நின்றாலும் சில பாகைகள் பிசகியிருக்கலாம். பாகைமானியைப் பெருப்பித்து நகலெடுத்துத் தகரத்தில் ஒட்டினால் கிராங்க் முனைக்கு அளவுத்தட்டு ஆயிற்று. முதலாம் பிஸ்டனின் மேல் உச்சத்தில் தட்டைப் பூச்சியத்துக்கு வைத்து, கிராங்கை ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். திருப்பிச் சுற்றினால் செயின் தளர்ந்து அளவு பொய்க்கும். உள்ளிழு வால்வு உச்சத்தில் சற்று நேரம் அசையாதது போலத் தோன்றுமாதலால், அதற்கு முன்னும் பின்னும், வால்வின் அசைவை அளக்கும் டயல் கேஜ் ஒரே அளவைக் காட்டும் இரு இடங்களைக் குறித்து, அவற்றின் நடுப்புள்ளியையே உச்சமாகக் கொள்ள வேண்டும். கேமுடன் வந்த அட்டை மேல் உச்சத்துக்குப் பின் 106 பாகை என்றிருக்க, நீங்கள் 112 கண்டால் கேம் பிந்தி நிற்கிறது. கீழ் வேக இழுவை போனதற்கு அதுவே காரணமாகலாம். செயின் சக்கரத்தைக் கேமில் பூட்டும் சாவியை, சற்றுப் பிசகிய வடிவுள்ள விலகல் சாவியாக மாற்றிச் சரிசெய்யலாம்.

அடுத்து டெப்பட் இடைவெளி, அதாவது மூடிய வால்வுக்கும் அதைத் தள்ளும் றொக்கருக்கும் இடையிலான இடைவெளி. பழைய 0.012 அங்குலத்தை மறந்து, அட்டையிலுள்ள அளவையே வைக்க வேண்டும்.

அமுக்கமானி முன்பைவிடக் குறைத்துக் காட்டினால் ரிங் போய்விட்டதென்று அவசரப்படத் தேவையில்லை. இத்தகைய கேமில் உள்ளிழு வால்வு பிந்தி மூடுவதால் ஸ்டார்ட்டரில் சுற்றும்போது அமுக்கம் குறைவது இயல்பே. நான்கு சிலிண்டர்களும் ஒத்திருக்கின்றனவா என்பதே கேள்வி. ஐட்லிங் (வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடுவது) குலுங்குவதும் அப்படியே. அதைப் பழைய மென்மைக்குக் கொண்டுவர முயல்வது வீண்வேலை. ஐட்லிங் வேகத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும்.

இவை சரியான பின்பே இக்னிஷன், அதன் பிறகு எஸ்.யூ. காபரேட்டர். குலுங்கும் ஐட்லிங்கில் காபரேட்டருக்குள் உள்ள பிஸ்டனைத் தூக்கிக் கலவையைக் கணிப்பது நம்பத்தக்கதல்ல. வன்னியில் வண்டியை ஏற்றிச் சோதிக்க மேடான வீதி இல்லை. ஆகவே ஏ9 வீதியில் வெறிச்சோடிய பகுதியில் டாப் கியரில் மெதுவாக வந்து முழு திறப்புக் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி ஓரங்கட்டிப் பிளக்கைப் பாருங்கள். கரி கறுப்பு கலவை மிகையையும், வெண்மை குறைவையும் காட்டும்.

ஒரே வால்வின் இடைவெளி அடிக்கடி கூடினால் அந்தக் கேம் மூக்கு தேய்கிறது. கேம் மூக்கில் உராயும் பழைய டெப்பட்டுகளையே திரும்பப் போட்டவர்களுக்கு இது வரும். எண்ணெயை வடித்துக் காந்தம் விட்டுப் பாருங்கள். இரும்புத் தூள் ஒட்டினால், அது பெயரிங்குகளுக்குப் போகுமுன் கேமைக் கழற்றிவிட வேண்டும்.