பா பாவ் ஃபான்: கவிழ்த்தாலும் கலையாமல் நிற்கும் சீனத்து இனிப்புச் சோறு

ஷாங்காயில் இருந்த முதல் வருஷம், சீனப் புத்தாண்டுக்கு பா பாவ் ஃபான் செய்யப் போய்க் களிதான் கிண்டினேன். பெயருக்கு 'எட்டுப் பொக்கிஷச் சோறு' என்று அர்த்தம். ஷாங்காய், நிங்போ பக்கம் புத்தாண்டு விருந்தில் வரும் இனிப்பு. கிண்ணத்தைக் கவிழ்த்தால் பழம் பதித்த குவியலாக நிற்கணும். என்னுடையது தட்டில் வழிந்தது.

பொங்கலுக்கு வைப்பதுபோல் குக்கரில் தண்ணீர் ஊற்றி வைத்ததுதான் தப்பு. இதற்கான அரிசி நுவோமி என்கிற ஒட்டரிசி. உருண்டை மணி ரகம் வாங்குங்கள். ஊறும்போது குடிக்கிற தண்ணீரே அதற்குப் போதும், மிச்சத்தை ஆவி பார்த்துக்கொள்ளும்.

2 கப் அரிசியை முந்தின இரவே ஊறப்போடுங்கள். 8 மணி நேரம் கழித்து ஒரு மணியை நகத்தால் கிள்ளினால் சுலபமாக உடையணும். வடிகட்டி, ஈர இட்லித் துணியில் பரப்பி 35 நிமிடம் அவியுங்கள். பாதியில் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறிவிடணும், இல்லாவிட்டால் மேல் மணி விறைத்தே இருக்கும். மூங்கில் கூடை வாங்கச் சொல்வார்கள். எனக்கு இட்லிப் பானையே போதும். மூடியில் துணி கட்டினால் நீர் சொட்டாது.

சூடு ஆறுவதற்குள் 2 மேசைக்கரண்டி கொழுப்பும் 3 மேசைக்கரண்டி சர்க்கரையும் கலக்கணும். ஊர் வழக்கம் பன்றிக் கொழுப்பு. வேண்டாம் என்றால் மணமில்லாத தேங்காய் எண்ணெய். நெய் வேண்டவே வேண்டாம், கடைசியில் மேலே ஊற்றும் பாகின் பூ மணத்தை அமுக்கிவிடும்.

கிண்ணத்தின் உள்பக்கம் கொழுப்பைத் தாராளமாகப் பூசி, அடியில் சிவப்பு இலந்தை, தாமரை விதை, உலர்திராட்சை, கோஜி என்கிற குட்டிச் சிவப்பு உலர்பழம், பூசணி மிட்டாய் என்று அடுக்குங்கள். எட்டு இருந்தால் விசேஷம், ஐந்து இருந்தாலும் யாரும் எண்ணப் போவதில்லை. தாமரை விதையை முன்னாடியே வேகவைத்து, நடுவிலிருக்கும் பச்சை முளையை எடுத்துவிடுங்கள்; வேப்பங்கொழுந்துக் கசப்பு.

அதன்மேல் பாதிச் சோற்றை அழுத்தி, நடுவில் இனிப்புப் பயறு விழுதை (செய்முறை பின்சேர்க்கையில்) வைத்து, மீதிச் சோற்றால் மூடுங்கள். விழுது கிண்ணத்தின் ஓரத்தைத் தொடக்கூடாது, ஒரு விரல் இடம் விடணும். என் இரண்டாவது முயற்சி அங்கேதான் பிளந்தது. மறுபடி 40 நிமிடம் ஆவி. 5 நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்த்து, ஒரு கப் தண்ணீரில் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உலர்ந்த குய்ஹுவா என்கிற வாசனைப் பூவும் கொதிக்கவிட்டு, கரைத்த சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) சேர்த்து, பளபளவென்று வந்ததும் மேலே ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: விழுதுக்கு ராஜ்மா ஆகுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தோல் தடிப்பு, நறநறக்கும். சிவப்புக் காராமணியை வேகவைத்து, சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் சுருளக் கிளறுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த சோறு கல்லாகிவிட்டது என்றார் இன்னொருவர். ஒட்டரிசி அப்படித்தான் இறுகும். 20 நிமிடம் ஆவி காட்டினால் பழையபடி இளகிவிடும்.