கிரெனாஷ் ஒயின் வாங்கப் போகிறீர்களா?

பிரான்ஸுக்கு வந்த புதிதில் கடையில் கனமான பாட்டிலாகப் பார்த்துத்தான் எடுப்பேன். கனத்துக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை என்று புரிவதற்குள் நிறையக் காசு போய்விட்டது.

பிரான்ஸின் தென்கிழக்கில், தென் ரோன் பள்ளத்தாக்குப் பக்கத்துச் சிவப்பு ஒயின்களில் பெரும்பங்கு கிரெனாஷ் என்ற கறுப்புத் திராட்சைதான். கூடவே சிரா, மூர்வெத்ர் என்ற வேறு திராட்சை வகைகளும் சேரும். முன்பக்க லேபிளில் திராட்சைப் பெயரைத் தேடாதீர்கள், ஊர்ப் பெயரைப் படியுங்கள். அன்றாடத்துக்குக் கோத் து ரோன் போதும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் வாக்கெராஸ், ஜிகோந்தாஸ். ஷாத்தோநஃப் து பாப் என்றால் பெயருக்கே விலை ஏறிவிடும். நான் விசேஷத்துக்கு மட்டும்தான் வாங்குவேன்.

அப்புறம், ஆல்கஹால் அளவைப் பாருங்கள். கிரெனாஷ் வெயிலில் சர்க்கரை ஏற்றிக்கொள்ளும் பழம், 14.5 சதவீதமெல்லாம் சாதாரணம். கோடையில் அறைச் சூட்டிலேயே ஊற்றினால் மூக்கில் சாராய நெடிதான் ஏறும். ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து, 16 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

வெள்ளைத் தாள் மேல் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளிறியிருந்தால் குறை என்று நினைக்க வேண்டாம், தோல் மெல்லிய பழம். ஓரம் செங்கல் நிறமானால் ஒயினுக்கு வயதாகிறது. சுழற்றி முகர்ந்தால் ஸ்ட்ராபெர்ரி ஜாம் வாசனை வரும், அது கிரெனாஷ். மிளகு என்றால் சிரா. செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி தோல் வாசனை வந்தால் மூர்வெத்ர்.

விழுங்கியபின் ஈறில் பாக்கு மென்றதுபோல லேசான துவர்ப்பும், நாக்கில் பழ ருசியும் நின்றால் சரி. தொண்டை எரிச்சல் மட்டுமே மிஞ்சுகிறதா? ஆட்டுக்கறி வேகும் சட்டியில் ஊற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.