புது பைக்கா, செகண்ட்ஸா? பணம் எங்கே கரைகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்

வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் பைக் எடுக்கக் கிளம்பும் தம்பிகள், தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, புதுசு எடுக்கவா, செகண்ட்ஸ் எடுக்கவா?" எத்தனை வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாங்கும் விலை பாதிக் கணக்குதான். அதிலிருந்து விற்கும் விலையைக் கழித்தால்தான் அந்த வண்டி உங்களுக்கு என்ன விலையில் முடிந்தது என்று தெரியும்.

படி 1: வருடக் கணக்கு போடுங்கள்

கணக்குக்காக, எக்ஸ்ஷோரூம் விலை 85,000 ரூபாய் என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ஆக வரி 8,500. புது வண்டிக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதோடு பதிவுக் கட்டணம், இதர செலவு எல்லாம் சேர்த்து 9,000 என்று வைப்போம். ஆன்ரோடு விலை 1,02,500.

இந்தக் கூடுதல் 17,500 ரூபாயை நீங்கள் விற்கும்போது யாரும் தனியாகத் தரமாட்டார்கள். வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே அது போய்விட்டது.

மூன்று வருடம் கழித்து 60,000க்கு விற்கிறீர்கள். நஷ்டம் 42,500, அதாவது வருடத்துக்கு 14,000க்கு மேல். அதே வண்டியை 60,000க்கு வாங்கியவர் டயர், செயின் செட் என்று 6,000 செலவழித்து, மூன்று வருடம் ஓட்டி 42,000க்கு விற்றால் அவருக்கு நஷ்டம் 24,000. வருடத்துக்கு 8,000தான்.

சரி, புது வண்டியைப் பத்து வருடம் வைத்திருந்து கடைசியில் 18,000க்குக் கொடுத்தால்? வருடத்துக்கு 8,450. செகண்ட்ஸ் வாங்கியவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதனால் நான் சொல்வது இதுதான்: எட்டுப் பத்து வருடம் ஒரே வண்டி என்றால் புதுசு எடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால், மூன்று நான்கு வருடம் ஓடிய சிங்கிள் ஓனர் வண்டியைத் தேடுங்கள்.

கடனில் எடுப்பவர்கள் வட்டியையும் சேர்க்க வேண்டும். "பத்து பர்சன்ட் ஃபிளாட்" என்று சொன்னால் 80,000 ரூபாய்க்கு மூன்று வருடத்தில் 24,000 வட்டி. அசல் மாதாமாதம் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் வட்டி போடுவதால், உண்மையில் அது ஏறக்குறைய 18 சதவீத வட்டி.

படி 2: எந்த வண்டிக்கு விலை நிற்கும் என்று பாருங்கள்

எந்த ஊரில் நின்றாலும் சரிசெய்ய ஆள் இருக்க வேண்டும், பார்ட்ஸ் கிடைக்க வேண்டும், மைலேஜ் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ள வண்டி விலை இறங்காது. 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் இன்றும் சொன்ன விலைக்குப் போவது இதனால்தான். கிராமத்துப் புளியமரத்தடி மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார்.

நேர்மாறானது கம்பெனியே கிளம்பிவிடுவது. 2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோவுடன் கைகோத்தார்கள் என்றாலும், பார்ட்ஸ் கிடைக்குமா என்ற பயம் வந்துவிட்டால் வாங்க வருபவர் விலையை அடித்துத்தான் கேட்பார்.

யமஹா ஆர்எக்ஸ் 100 ஒரு தனிக் கதை. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி, இன்று புதிதாக விற்ற விலையைவிடப் பல மடங்குக்குப் போகிறது. அது ஆசைக்குக் கொடுக்கும் விலை. முதல் வண்டி வாங்குபவர்கள் அந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

சைலன்சர் மாற்றியது, பெயின்ட் மாற்றியது, ஹேண்டில்பாரைக் குட்டையாக்கியது எல்லாம் விலையைக் குறைக்கத்தான் செய்யும்.

படி 3: இன்றைய புது விலையை வைத்துப் பேசுங்கள்

விற்பவர் "நான் எடுத்ததே ஒரு லட்சத்துக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். அது நமக்குத் தேவையில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. அதற்கு முன் வாங்கியவர் கூடுதலாகக் கொடுத்திருப்பார், பாவம்தான். ஆனால் அதே வண்டி இன்று புதிதாக என்ன விலை என்பதிலிருந்துதான் நீங்கள் இறங்கி வர வேண்டும்.

ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) தயாரித்த மாதம், வருடம் இருக்கும். டிசம்பரில் எடுத்த வண்டி ஜனவரியிலேயே 'போன வருட மாடல்' ஆகிவிடும். டிசம்பர் தள்ளுபடி நெடுநாள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் லாபம்.

படி 4: காலையில் போய்ப் பாருங்கள்

முதல் நாளே போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லுங்கள். போனதும் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியை முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

ஆறிய எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது, எஞ்சின் வேலை வரும்.

அப்புறம் உட்கார்ந்து பாருங்கள். செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கூர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் செட்டையே மாற்ற வேண்டும். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பிடித்து நின்றால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) தேய்ந்திருக்கிறது. ஃபுட்ரெஸ்ட் முனை, பிரேக் லீவர் முனை, சைலன்சர் விளிம்பு மூன்றும் ஒரே பக்கம் உரசியிருந்தால் வண்டி விழுந்திருக்கிறது.

மீட்டரை நம்புவதைவிட டயரை நம்பலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். 2022இல் எடுத்த வண்டி, 12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார், டயரோ 2025இல் செய்தது என்றால், பழைய டயர் அதற்குள் எப்படித் தேய்ந்தது என்று கேளுங்கள்.

2020 ஏப்ரலுக்கு முந்தையது பெரும்பாலும் பிஎஸ் 4 (பழைய புகை விதிப்படி செய்த) அல்லது அதற்கும் முந்தைய வண்டி, அநேகமாக கார்புரேட்டர்தான். சரிசெய்வது எளிது. ஆனால் இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

படி 5: வண்டியைவிட ஆர்சியை அதிக நேரம் பாருங்கள்

என் முதல் வண்டியை ஒரு ஆட்டோ கன்சல்டிங் கடையில்தான் வாங்கினேன். எஞ்சின் பட்டுப் போல இருந்தது. கடன் அடைந்துவிட்டது என்றார்கள், நம்பினேன். ஆனால் ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது. பழைய ஓனர் வீடு மாறிப் போய்விட்டார். எச்பியை, அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவை, கேன்சல் செய்ய அவர் கையெழுத்து வேண்டும். அவரைத் தேடிப் பிடித்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அதுவரை வண்டியை வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் மனசு அடித்துக்கொண்டது.

அதனால் நீங்கள் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையின்மைச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் கையில் வந்த பிறகுதான் முன்பணம். அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் தேடி, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 15 வருடத்தை நெருங்கும் வண்டிக்கு மறுபதிவுச் செலவும் பசுமை வரியும் வரும். புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகத் தெரியலாம். இங்கே நிரந்தரமாக ஓட்ட வேண்டுமென்றால் பழைய ஆர்டிஓவின் தடையின்மைச் சான்றுக்கான படிவம் 28, இங்கத்திய வரி எல்லாம் சேரும்.

படி 6: பணம் கொடுக்கும் நாள்

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை உங்கள் கண் முன்னாலேயே வாங்குங்கள். "பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை விற்பவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவரே கூட வந்து கையெழுத்துப் போடுவார்.

காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளைம் போனஸ் (காப்பீட்டில் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) பழைய ஓனருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தைக் கம்பெனி உங்களிடம் கேட்கும்.

புது ஆர்சி கைக்கு வந்ததும் பெயர், முகவரி, எஞ்சின் எண் மூன்றையும் சரிபாருங்கள். கடன் இருந்த வண்டி என்றால், ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள்.