பெலூகா படங்களைப் பிரிக்கும்போது நான் செய்த தவறுகள்

பெலூகா என்பது வெள்ளைத் திமிங்கிலம்; உடலில் உள்ள அடையாளங்களை வைத்து எந்தப் படம் எந்த விலங்குடையது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பது எங்கள் வேலை. இந்த வாரம் புதிதாக வந்தவர்களோடு உட்கார்ந்து படம் பிரித்தேன். பத்து வருடம் முன்பு நான் சறுக்கிய அதே இடத்தில் ஒருவர் அப்படியே சறுக்கினார். ஃபோகஸ் தப்புவது, தேதி எழுத மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானாகவே சரியாகிவிடும்.

இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஊகத்தில் சேர்ப்பது

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதற்குத்தான். ஓர்காவுக்கு (கொலைகாரத் திமிங்கிலம்) நிமிர்ந்த முதுகுத் துடுப்பு உண்டு, எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் தெரியும். பெலூகாவுக்கு அது கிடையாது, பனிக்கட்டிக்கு அடியில் நீந்தும் உயிரினம். நமக்குக் கிடைப்பது முதுகின் நடுவே ஒரு தாழ்ந்த மேடு, அதில் சில வெட்டுகள், அப்புறம் விலாவில் தழும்புகள். விலாத் தழும்பு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சாட்சி.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில், சாகுனே ஆறு வந்து சேரும் இடத்தில் ஒரு மதியம். இடது விலாவில் பிறை போன்ற தழும்புள்ள ஒன்று மூழ்கியது. அரை நிமிடத்தில் அதே இடத்தில் ஒரு வலது விலா எழுந்தது. திரும்பியிருக்கும் என்று நினைத்து இரண்டையும் ஒரே எண்ணில் போட்டேன். பிறகு வலது பக்கத் தழும்புக்காரரிடம் தோல் மாதிரி எடுத்தார்கள், ஆண் என்று வந்தது. ஆனால் பிறைத் தழும்போடு வந்த படங்களில் எல்லாம் ஒரு சாம்பல் நிறக் குட்டி ஒட்டிக்கொண்டே வருகிறது! நாலு வருடப் பதிவுகளைப் பிரித்து முடிக்க ஒரு குளிர்காலமே போய்விட்டது.

குட்டிக் கணக்கு மட்டுமல்ல, அதைவிட மோசமானது சாவுக் கணக்கு. இரண்டு விலங்கு ஒரே எண்ணில் இருந்தால், ஒன்று செத்தாலும் மற்றது அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்கும். 1979-இல் வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகும் தேறி வராத கூட்டம் அது, அங்கே ஒரு சாவு கணக்கில் மறைவது சின்ன விஷயமா?

இரண்டு பக்கமும் தெரியும் தொடர் படமோ, மேட்டில் இருபுறமும் தெரியும் வெட்டோ, ட்ரோனில் மேலிருந்து எடுத்த படமோ கிடைக்கும்வரை தனித்தனி எண்ணாகவே இருக்கட்டும்.

லேசான கீறலை நம்புவது

கோடையில் தோல் உரியும், கீறலும் அதோடு போய்விடும்.

இன்னும் கிட்டே போய் எடுப்பது

வேண்டாம்.

நிறத்தை வைத்து வயது எழுதுவது

சாம்பல் என்றால் இளசு, சரி. வெளுக்கப் பத்து வருடத்துக்கு மேல்கூட ஆகும், வெளுத்த பிறகு இருபதும் ஐம்பதும் ஒன்று போலத்தான். வயது அறியப் பல் அடுக்கை எண்ணியவர்களே வருடத்துக்கு இரண்டு அடுக்கு என்று நெடுநாள் நம்பினார்கள்; அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பனைப் பல்லில் தேடிப் பார்த்தபோது ஒன்றுதான் என்று தெரிந்தது, வயதெல்லாம் இரட்டிப்பானது. அதனால் 'வெள்ளை' என்று மட்டும் எழுதி, முதல் படம் எடுத்த வருடத்தைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.