உயிர்காப்புப் படகா, மீட்புப் படகா?

‘டைட்டானிக்கில் போதிய மீட்புப் படகுகள் இல்லை’ என்று தமிழில் எழுதுகிறார்கள். அங்கே வரவேண்டிய சொல் உயிர்காப்புப் படகு. 1912இல் அந்தக் கப்பலில் இருந்தவை 20 படகுகள். 1,178 பேருக்குத்தான் இடம். பயணம் செய்தவர்களோ சுமார் 2,200 பேர். ஏறியவர் தப்பிப்பதற்கான படகுகள் அவை. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தேடித் திரும்பியவை மிகச் சில. படகுகளில் இருந்தவர்களை மீட்டது கார்பேத்தியா என்ற வேறொரு கப்பல்.

கப்பல் ஊழியர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. லைஃப்போட் (உயிர்காப்புப் படகு) வேறு, ரெஸ்க்யூ போட் (மீட்புப் படகு) வேறு. கப்பலைக் கைவிடும்போது ஏறிக்கொள்வது லைஃப்போட். சர்வதேச விதிப்படி ஒன்றில் 150 பேர் வரை ஏற்றலாம். கடலில் விழுந்தவரைத் தூக்கி வரவும், சிதறிய மிதவைகளை ஒன்றுசேர்க்கவும் இறக்குவது ரெஸ்க்யூ போட். அதில் ஐந்து பேர் உட்காரவும் ஒருவரைப் படுக்க வைக்கவும் இடமிருந்தால் போதும். ஒரே படகு இரண்டுக்கும் தகுதி பெற்றிருப்பதும் உண்டு. அப்போது எந்த வேலைக்கு இறக்கினார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காற்றடைத்து விரியும் லைஃப் ராஃப்டையும் படகு என்று எழுதிவிடுகிறார்கள். அது மிதவை.

மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் சறுக்குவது பிரிட்டன் செய்திகளில். 1824இல் தோன்றி, இன்று ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் என்ற பெயரில் இயங்கும் தொண்டு அமைப்பின் படகுகளையும் அங்கே லைஃப்போட் என்றே சொல்கிறார்கள். ஆனால் அவை கரையிலிருந்து பிறரைக் காப்பாற்றப் புறப்படுபவை. தமிழில் மீட்புப் படகு என்பதே பொருந்தும். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்துப் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

மீட்புப் படகு என்றதும் ரப்பர் படகுதான் என்று நினைக்கவும் வேண்டாம். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்த மீன்பிடிப் படகுகள், அந்த நாட்களில் மீட்புப் படகுகளே. வடிவத்தால் அல்ல, செய்யும் வேலையால் வரும் பெயர் இது.

எழுதும்போது இடையில் வரும் ‘ப்’ விடக்கூடாது. அதைவிட முக்கியம், சொற்களின் வரிசை. செய்தித் தலைப்பில் ‘படகு மீட்பு’ என்றால் படகை மீட்டார்கள் என்று பொருள். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் அந்தத் தலைப்பைப் படிப்பவர்கள், படகு கிடைத்துவிட்டது, ஆள் என்ன ஆனார் என்றுதான் பதறுவார்கள்.