டோட்டோரோ பார்க்க உட்காரும்போது ஃபேனைக் குறையுங்கள்

‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற அனிமேஷன் படம் 1988 ஏப்ரலில் ஜப்பானில் வெளியானது. இயக்கம் ஹயாவோ மியாசாகி, தயாரிப்பு ஸ்டூடியோ கிப்லி, நீளம் 86 நிமிடம். சட்சுகி, மேய் என்று அக்கா தங்கை இருவர் அப்பாவோடு ஒரு கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டை ஒட்டிய காட்டில் பெரிய, ரோமம் மண்டிய ஒரு பிராணி தூங்கிக்கொண்டிருக்கிறது. கதை அவ்வளவுதான். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. இது தெரியாமல் உட்காருபவர்கள் இருபதாவது நிமிடத்தில் “இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கலையே” என்று போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். டோட்டோரோ முகத்தைக் காட்டவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதை வீட்டில் எல்லோரிடமும், முக்கியமாகப் பெரியவர்களிடம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு அந்த அரை மணி நேரம் போவதே தெரியாது. புது வீட்டில் ஓடுவது, மாடிப்படி எங்கே என்று தேடுவது, அடிபம்பை அடித்துத் தண்ணீர் வரவைப்பது எல்லாம் அவர்களுக்குக் கதைதான்.

நான்கு வயதிலிருந்து தாராளமாகப் பார்க்கலாம். படத்தில் வரும் தங்கைக்கும் நாலு வயதுதான்.

எந்த மொழியில்

இந்தியாவில் நெட்ஃப்ளிக்ஸில் கிப்லி படங்கள் 2020 பிப்ரவரியிலிருந்து வரத் தொடங்கின. பார்க்கப்போகும் நாளுக்கு முந்தின நாளே படத்தைத் திறந்து, ஒலி, சப்டைட்டில் இரண்டிலும் என்னென்ன மொழி இருக்கிறது என்று பாருங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரிமோட்டில் தேடினால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும் போதும். வாசிக்கத் தெரியாது, ஆனால் ஆங்கிலம் நன்றாகப் புரியும் என்றால் ஆங்கில டப்பிங் வைக்கலாம். இப்போது கிடைப்பது பெரும்பாலும் டிஸ்னி 2006-இல் வெளியிட்ட டப்பிங். சட்சுகிக்கும் மேய்க்கும் குரல் கொடுத்த டகோட்டா ஃபானிங், எல் ஃபானிங் இருவரும் நிஜத்திலும் அக்கா தங்கைதான். நன்றாகவே இருக்கும். ஆங்கிலமும் அவ்வளவாகப் புரியாத குழந்தைக்கு எங்கள் பரிந்துரை வேறு: ஜப்பானிய ஒலியை வையுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுங்கள். இந்தப் படத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் வசனம் இல்லாமலே ஓடும் காட்சிகள் நிறைய.

சப்டைட்டிலில் ஒரு கோளாறு அடிக்கடி வரும். யாரும் வாயே திறக்கவில்லை, திரையில் எழுத்து மட்டும் ஓடுகிறது என்றால், ஆங்கில டப்பிங்குக்காக எழுதிய சப்டைட்டிலை ஜப்பானிய ஒலியோடு போட்டிருக்கிறீர்கள். பட்டியலில் ஆங்கிலம் இரண்டு முறை இருந்தால் மற்றொன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

டிவியில் இரண்டு வேலை

முதல் வேலை, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைப்பது. சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று செட்டிங்ஸுக்குள் இருக்கும். இந்தப் படம் கையால் வரைந்தது. வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் ஒரே ஓவியத்தை இரண்டு, மூன்று ஃபிரேம் வரை நிறுத்திக் காட்டுவார்கள். அந்தச் சின்னத் துள்ளல் கணக்குப் போட்டு வைத்தது. டிவி அதைக் குறை என்று நினைத்து, நடுவில் தானாகப் படங்களைச் செருகுகிறது. மேய் ஓடும்போது அவள் உருவத்தைச் சுற்றிப் பின்னணி கொழகொழவென்று நெளிந்தால் அந்த வசதி இன்னும் அணையவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது வேலை, ‘வைவிட்’ மோடிலிருந்து ‘மூவி’ அல்லது ‘சினிமா’ மோடுக்கு மாற்றுவது. இந்தப் படத்தின் பின்னணிகளுக்குப் பொறுப்பு கலை இயக்குநர் கசுவோ ஓகா. அவர் பச்சையில் ஒரு நூறு வகை காட்டுவார்: மழைக்கு முந்தின பச்சை வேறு, பிந்தியது வேறு, வயல் வேறு, மரத்தடி வேறு. வைவிட் மோடில் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பச்சையாகிவிடும்.

சாயங்காலம் வெளிச்சம் மங்கிய பிறகு தொடங்குவது நல்லது. பகலில்தான் முடியும் என்றால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். பிற்பாதியில் இருட்டுக் காட்சிகள் உண்டு, ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் அவற்றில் உங்கள் முகம்தான் தெரியும்.

ஒலி

சத்தத்தை ஆரம்பப் பாட்டை வைத்து அளக்காதீர்கள். பாட்டு கணீரென்று இருக்கும், குறைப்பீர்கள், பிறகு பேச்சு கேட்காது. பாட்டு முடிந்து வண்டியில் சாமான்களோடு வரும்போது அக்காவும் தங்கையும் பேசுவார்களே, அந்தப் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவில் வையுங்கள்.

பிறகு ஃபேன். படத்தின் பாதி தாண்டியதும் பஸ் நிறுத்தக் காட்சி வரும். மழை, இருட்டு. குடையை மறந்துபோன அப்பாவுக்காகக் காத்து நிற்கிறாள் சட்சுகி. தூக்கம் வந்த தங்கை முதுகில். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிகிறது. குடையின் விளிம்பை மெல்ல உயர்த்திப் பார்க்கிறாள். தலையில் ஒரு இலையை மட்டும் வைத்துக்கொண்டு டோட்டோரோ. அவள் அப்பாவின் குடையை நீட்டுகிறாள். மரத்திலிருந்து சொட்டு குடைமேல் விழுகிறது. டொப். இன்னொன்று. டொப். டோட்டோரோவுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்க் கண் விரிகிறது. மொத்தமாகக் கேட்க ஆசைப்பட்டு ஒரு குதி குதிக்கிறது, மரத்துத் தண்ணீர் அத்தனையும் கொட்டுகிறது. காட்சி முழுக்கச் சொட்டுச் சத்தத்தில்தான் நிற்கிறது. தலைக்குமேல் ஃபேன் ஐந்தில் சுற்றினால் முதல் இரண்டு சொட்டு காதில் விழாது, டோட்டோரோ எதற்குக் கண்ணை விரிக்கிறது என்றே புரியாது. ஒன்றிலோ இரண்டிலோ வையுங்கள். சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம். கொறிக்க வேண்டுமென்றால் அவித்த சோளக்கதிர், வெள்ளரிக்காய். இரண்டும் படத்திலேயே வருகின்றன, சத்தமும் குறைவு.

இதுபோன்ற நிசப்தத்தை ஜப்பானியர்கள் ‘மா’ என்பார்கள், இரண்டு கைதட்டலுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மாதிரி. அந்த நேரத்தில் “இப்ப பாரு, இப்ப பாரு” என்று குழந்தையை உலுக்குவது பெரியவர்கள் செய்யும் முதல் தவறு.

தமிழில் சொல்லிக்கொடுப்பவருக்கு

ஒவ்வொரு வசனத்தையும் பெயர்க்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒரு வரி போதும். விட்டுவிடக் கூடாதவை இவை:

புது வீட்டில் கலைந்தோடும் கரி உருண்டைகள். வெயிலிலிருந்து திடீரென்று இருட்டுக்குள் வந்தால் கண்ணில் கறுப்பு கறுப்பாகத் தெரியுமே, அதுதான் என்று முதலில் அப்பா சொல்லிவைப்பார். பக்கத்து வீட்டுப் பாட்டியோ, அவை ஆளில்லாத வீட்டில் குடியிருக்கும், கெடுதல் செய்யாது என்பார். இரண்டையும் சொல்லுங்கள்.

டோட்டோரோ என்ற பெயர். அது மேய் வைத்தது. பிராணியிடம் பெயர் கேட்கிறாள், அது ஒரு பெரிய உறுமல் போடுகிறது, அது தன் பெயரைச் சொன்னதாக இவள் எடுத்துக்கொள்கிறாள். கதைப்புத்தகத்தில் வரும் ‘டோரோரு’வா என்று அக்கா கேட்பாள். ஐரோப்பியக் கதைகளில் வரும் டிரோல் பூதத்தை ஜப்பானியர் சொல்லும் விதம் அது. மழலையில் டோட்டோரோ ஆகிவிட்டது. மேய் இன்னும் சில சொற்களைக் குழப்புவாள். சோளத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘டோமொரோகோஷி’, அவள் வாயில் ‘டோம்மோகொரோஷி’. சப்டைட்டிலில் இது பெரும்பாலும் காணாமல் போய்விடும். உங்கள் வீட்டுக் குழந்தை ‘தலைப்பிரட்டை’யை எப்படிச் சொல்லுமோ அப்படிச் சொல்லிக்காட்டினால் விஷயம் முடிந்தது.

பூனை வடிவில் ஓடிவரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை. கடைசியில் அந்தப் பலகை உருண்டு உருண்டு மாறி மேயின் பெயரில் நிற்கும், பிறகு ஆஸ்பத்திரியின் பெயருக்குப் போகும். எழுத்து ஜப்பானிய மொழியில் இருப்பதால் வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

சோளக்கதிரின் தோல். ஆஸ்பத்திரி ஜன்னலில் அம்மா கண்டெடுக்கும் கதிரில் ‘அம்மாவுக்கு’ என்று கீறியிருக்கும். இந்த ஒரு வரி தவறினால் படத்தின் முடிச்சே குழந்தைக்கு அவிழாது. நினைவில் வையுங்கள்.

சொல்லத் தேவையில்லாதவையும் உண்டு. அவசரத்தில் ஷூவைக் கழற்ற நேரமில்லாமல் சட்சுகி முழங்காலாலேயே வீட்டுக்குள் நடப்பாள், பாதம் தரையில் படாமல். அமெரிக்கக் குழந்தைக்கு அதை விளக்க வேண்டும். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வரும் நம் குழந்தை தானே சிரித்துவிடும். அப்பாவும் மகள்களும் பெரிய மரத்தடியில் நின்று கும்பிடுவதும் அப்படித்தான். மரத்தில் சுற்றியிருக்கும் தடித்த வைக்கோல் கயிறு, ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் வழக்கத்தில் புனித இடத்துக்கு அடையாளம். அது கற்பூர மரம். செயற்கையாகச் செய்யும் காலத்துக்கு முன் சூடம் எடுத்தது இந்த மரத்திலிருந்துதான் என்றால், வீட்டில் தாத்தா பாட்டியும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பயம் வரும் இடங்கள்

முதல் நாள் ராத்திரி காற்று வீட்டையே உலுக்கும். அப்போது அப்பாவும் பெண்களும் ஒன்றாகக் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஜப்பானிய வீடுகளில் சின்னப் பிள்ளைகளோடு பெற்றோர் சேர்ந்து தொட்டியில் இறங்குவது சகஜம். கூச்சப்பட்டு இதை ஓட்டிவிடும் வீடுகள் உண்டு. ஓட்டினால் பயம் மட்டும் மிஞ்சும். ஏனென்றால் அப்பா ‘ஹா ஹா’ என்று வேண்டுமென்றே உரக்கச் சிரித்து, பிள்ளைகளையும் சிரிக்கவைத்துப் பயத்தை விரட்டுவது அதே தொட்டியில்தான்.

நிஜமான கலக்கம் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி. அம்மா இந்த வாரம் வீட்டுக்கு வர முடியாது. சட்சுகி உடைந்து அழுகிறாள், மேய் கதிரைக் கட்டிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக் காணாமல் போகிறாள். ஊரார் குளத்தில் துழாவுகிறார்கள். பாட்டி கையில் ஒரு சின்னச் செருப்பு. ஆறு வயதுக்கு மேல் என்றால் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், சட்சுகியே அடுத்த நொடி “இது மேயோடது இல்ல” என்பாள். அதற்குக் கீழே என்றால் முன்கூட்டியே “மேய் கிடைச்சிடுவா” என்று சொல்லிவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டில் யாராவது அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தால் படத்தைத் தள்ளிப்போடுங்கள். மியாசாகியின் அம்மாவே காசநோயால் நெடுநாள் படுக்கையில் இருந்தவர். அந்தக் கவலை படத்தில் விளையாட்டாக வரவில்லை.

நடுவில் நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் சரியான இடம், மூவரும் மரத்தைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவது. தந்தி வந்தபின் நிறுத்தவே கூடாது. அங்கே நிறுத்தினால் குழந்தை அம்மா செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப்போகும்.

முடியும்போது

கடைசிப் பாட்டோடு பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நெட்ஃப்ளிக்ஸ் படத்தைச் சின்னக் கட்டமாக்கி அடுத்த படத்தைக் காட்டப் பார்க்கும். ரிமோட்டைக் கையில் வைத்திருந்து, பெயர்களைப் பார்ப்பதற்கான பட்டனை உடனே அழுத்துங்கள். கதையின் மிச்சம் அங்கேதான் இருக்கிறது: அம்மா வீட்டுக்கு வந்து இறங்குகிறார், பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசிக்கிறார். புத்தக அட்டையில் மூன்று ஆடுகளும் ஒரு பூதமும் இருக்கும், அதுதான் அந்த ‘டோரோரு’. இதைப் பார்க்காமல் அணைப்பவர்கள்தான் “அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லையே” என்கிறார்கள்.

முடிந்ததும் இணையத்தில் தேடினால், டோட்டோரோ சாவுக்கான தெய்வம், பிள்ளைகள் செத்துவிட்டார்கள், கடைசியில் அவர்களுக்கு நிழல் இல்லை என்று ஒரு கதை சுற்றுவதைப் பார்ப்பீர்கள். கிப்லி நிறுவனமே அதை மறுத்துவிட்டது.

அடுத்த படம் தேர்வதில்தான் பெரிய விபத்து நடக்கிறது. டோட்டோரோ திரையரங்குக்கு வந்தபோது அதோடு ஜோடியாக ஓடியது இசாவோ தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. அதிலும் இரண்டு பிள்ளைகள், அதே ஸ்டூடியோ, அட்டைப்படமும் அழகு. ஆனால் அது போரில் அநாதையாகிப் பட்டினியில் சாகும் அண்ணன் தங்கை கதை. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஐந்து வயதுக்கு ‘போன்யோ’ சரி, ஏழு எட்டுக்கு ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’. ‘ஸ்பிரிட்டட் அவே’யில் அம்மா அப்பா பன்றியாக மாறிவிடுவார்கள், ஒன்பது பத்து வயது வரை அது காத்திருக்கட்டும். அதற்குள் பெரும்பாலான வீடுகளில் டோட்டோரோவே இன்னும் பத்து தடவை ஓடியிருக்கும், ஃபேனைக் குறைக்கச் சொல்லி அவர்களே ஞாபகப்படுத்துவார்கள்.