காரை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் தடுப்புச் சுவரை உரசி, பம்பர் ஒரு பக்கம் தொங்க அடிவாரம் இறங்குபவர்களில் பலர், சேலத்தில் பழகிய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டபிறகே காப்பீட்டு நிறுவனத்தை அழைக்கிறார்கள். அந்த வரிசை தவறு. நம்பர் பிளேட்டும் சேதமும் ஒரே படத்தில் தெரியும்படி அங்கேயே படமெடுத்து, வண்டியை ஓரங்கட்டி, தகவலைப் பதிந்து கிளைம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள், கழற்றிய பம்பரைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பவும் விடாதீர்கள்.

தேய்மானக் கழிவு (பாகம் பழசானதற்காக இழப்பீட்டில் பிடிக்கும் தொகை) இல்லாத கூடுதல் பாதுகாப்பு உங்கள் பாலிசியில் இல்லையென்றால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் 50 சதவீதம் உங்கள் தலையில்தான் விழும். கண்ணாடிக்கு மட்டும் அந்தக் கழிவு கிடையாது.

பழுது முடியும்வரை தரப்படும் மாற்று காரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் சொந்தச் சேதக் காப்பீடு வண்டியைச் சார்ந்தது என்பதால், உங்கள் பாலிசி அந்தக் காரின் சேதத்துக்கு உதவாது. அதன் ஆர்.சி.யையும் காப்பீடு முடியும் தேதியையும் பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள். வெள்ளை நம்பர் பிளேட் காருக்கு வாடகை கேட்டால் மறுத்துவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுப் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது.